மருந்துக் கையோடு போனைத் தொடாதே

1

இந்த ஊரில் நவம்பர் ஐந்தாம் தேதி வந்தால் வீட்டுக்கு வீடு வெடி வெடிக்கிறார்கள். நமக்குத் தீபாவளி முடிகிற சமயத்தில் இவர்களுக்கு ஒரு தீபாவளி. லீட்ஸ் நகரத்துக்கு வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். கரண்டியைப் போட்டுவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் தெருவுக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் என்று பார்த்தேன். எதிர்வீட்டு ஜூலி வானத்தைக் காட்டி, "அழகா இருக்குல்ல?" என்று அவள் பாஷையில் கேட்டாள். நான் இன்னும் புகையைத் தேடிக்கொண்டிருந்தேன். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்து அவள் தன் கம்பளிச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பகல் வேளையில் கனமாக ஒரு சத்தம் கேட்டால், யாரும் யாரையும் என்ன என்று கேட்பதில்லை. சோறு தின்றுகொண்டிருந்தால் எச்சில் கையோடு தெருவுக்கு வருவோம். தாயில்பட்டிப் பக்கம் புகையா, அச்சங்குளம் பக்கம் புகையா என்று பார்ப்போம். அந்தப் பக்கம் வேலைக்குப் போன ஆள் உள்ள வீட்டில் அழுகை தொடங்கும். மற்ற வீட்டுக்காரர்கள் "நம்ம ஆளு இல்ல" என்று மூச்சு விட்டுவிட்டு, அப்படி மூச்சு விட்டதற்காகவே வெட்கப்பட்டு, அழுகிற வீட்டுக்கு ஓடுவார்கள். பிள்ளைகளுக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நடக்கப் பழகிய பிள்ளைகூடத் தட்டுத் தடுமாறித் தெருவுக்கு வந்துவிடும்.

இந்தப் பழக்கம் கடல் தாண்டியும் என்னை விடவில்லை. ஒவ்வொரு நவம்பரும் ஓடிப் போய் நிற்கிறேன். ஜூலிக்கு இப்போது இது வேடிக்கையாகப் போய்விட்டது. எனக்கு அப்படி ஆகவில்லை, அதுவும் இந்த வருடம்.

2

எங்கள் அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். இரண்டு பேருக்குமே மருந்து வேலைதான். நான் மதுரையில் நர்ஸ் படித்துவிட்டு, இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறேன். என் தங்கை ஈஸ்வரி அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்துகிறாள். வெடிக்குள் போகிற தூளுக்கும் எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர். தலைவலிக்குப் போடுவதும் மருந்து, தலையையே கொண்டு போவதும் மருந்து.

இந்த ஒரு வார்த்தையால் போன வருடம் பட்ட பாடு இருக்கிறதே! என் மகன் அருணுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவன் சித்தியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். "என் சித்தி கிராக்கர்ஸில் மெடிசின் வைக்கிறார்." நாம் பட்டாசைச் சொல்கிற கிராக்கர்ஸ் இங்கே ஒரு வகை பிஸ்கட். பிஸ்கட்டில் மருந்து வைக்கிற சித்தி, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அம்மா! பள்ளிக்கூடத்தில் இருந்து உடனே வரச் சொல்லிக் கடிதம். போனால், டீச்சர் பக்கத்தில் பிள்ளைகள் பாதுகாப்புக்கான ஒரு அதிகாரியம்மாள் ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார்.

என்ன மருந்து, வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள், பூட்டு உண்டா, உங்கள் தங்கை ஊரில் இருந்து தின்பண்டம் அனுப்புவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பதற்றத்தில், "அது தூள் மேடம், என் தங்கை கையாலேயே அடைப்பாள்" என்றேன். அவர் பேனாவை எடுத்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். கடைசியில் டீச்சரிடம் காகிதம் வாங்கி, ஒரு ராக்கெட் படம் வரைந்து, அது மேலே போய் வெடிப்பதையும் வரைந்த பிறகுதான் இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அந்த அதிகாரியம்மாள், "அப்படியானால் அது மருந்தே இல்லையே, அபாயமான பொருள் அல்லவா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வரும் வழியில் நான் அருணிடம் தமிழில் கத்தினேன். அவன் ஆங்கிலத்தில், "நீ அப்படித்தானே சொன்னாய்" என்றான். அவன் பிறந்தநாளுக்கு அவன் அப்பா வாங்கிக் கொடுத்த கையடக்க விளையாட்டுப் பெட்டியில் இருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னான். என் தமிழ் அவனுக்குள் போகிறது, ஆனால் திரும்பி வருவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வந்துகொண்டிருந்தது.

3

அதே பள்ளிக்கூடத்தில் இருந்து கொஞ்ச நாளில் ஒரு துண்டுத்தாள் வந்தது. செல்போனில் இருந்து வரும் கதிர்வீச்சால் பிள்ளைகளுக்குக் கெடுதல் உண்டா இல்லையா என்பது இன்னும் முடிவாகத் தெரியவில்லை. ஆனாலும் வளர்கிற பிள்ளைகள் என்பதால், அவசியத்துக்கு மட்டும், சுருக்கமாகப் பேசட்டும் என்று போட்டிருந்தது. தெரியாது, ஆனாலும் ஜாக்கிரதை. இந்த ஊரில் எல்லாத் துண்டுத்தாளும் இப்படித்தான் முடியும்.

எனக்கு ஈஸ்வரியின் மகள் ஞாபகம் வந்தது. கார்த்திகாவுக்கு ஆறு வயது. ஈஸ்வரியின் வீட்டுக்காரர் மாரியப்பன் வடக்கே பட்டாசு லோடு கொண்டு போகிற லாரி டிரைவர். சீசனில் கிளம்பினால் வாரக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். வழியில் இருந்து பேசுவதற்காக வீட்டுக்கு ஒரு சின்ன செல்போன் வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஒரு பாம்பு விளையாட்டு உண்டு. பாம்பு புள்ளியைத் தின்னத் தின்ன நீளும், சுவரில் முட்டினால் ஆட்டம் முடிந்தது. நான் எப்போது கூப்பிட்டாலும் கார்த்திகாதான் எடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரியிடம் சொன்னேன். "பிள்ளைகிட்ட போனைக் குடுக்காத. அதுல இருந்து கதிர்வீச்சு வருதாம்."

"கதிர்வீச்சுன்னா என்னக்கா, கரண்டா?"

"கரண்டு இல்ல. கண்ணுக்குத் தெரியாது. உள்ள இருந்து வர்ற ஒரு மாதிரிச் சூடுன்னு வச்சுக்கயேன்."

அவள், "கண்ணுக்குத் தெரியாத சூடா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவளிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. கலந்த மருந்து மிச்சமாகிவிட்டால் அதை ராத்திரி வைக்கக் கூடாது என்பார்கள். ஈரம் பட்டால் தன்னாலே உள்ளுக்குள் சூடேறும். நெருப்பு இருக்காது, புகை இருக்காது, தொட்டுப் பார்த்தால்கூடத் தெரியாது. காலையில் யாரோ கதவைத் திறப்பார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குத் தெரிந்த பேய் அது ஒன்றுதான்.

"சரிக்கா. இனிமே அது பக்கத்துலயே போகமாட்டேன்" என்றாள். சொன்னதும் புரிந்துகொண்டாளே என்று எனக்குப் பெருமை வேறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

4

ஆகஸ்டில் லீவுக்கு ஊருக்குப் போனேன். சாயங்காலம் கம்பெனி வேன் ஈஸ்வரியை இறக்கிவிட்டுப் போனது. கை முழங்கை வரைக்கும் மருந்தின் வெள்ளித்தூள். வாசலில் நுழைகிறபோதே போன் அடித்தது. கார்த்திகா எடுத்து, "அப்பா" என்று சொல்லிவிட்டு, எக்கி நின்று அம்மா காதில் வைத்துப் பிடித்தாள். ஈஸ்வரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினாள். சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, பிள்ளை அம்மாவுக்குப் போன் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏண்டி, கையில என்ன கட்டா போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"நீதானக்கா சொன்ன, கண்ணுக்குத் தெரியாத சூடுன்னு! என் கையில, தலையில, சேலையில பூராம் மருந்து. சோப்புப் போட்டுத் தேச்சாலும் நகக்கண்ணுல நிக்கும். அந்தச் சூடு பட்டுப் பத்திக்கிட்டா? மருந்துக் கையோட போனைத் தொடாதேன்னு எங்க கம்பெனி ரூமு பிள்ளைக எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"அடிப்பாவி. நான் பிள்ளைக்குல்ல ஆகாதுன்னு சொன்னேன்!"

"பிள்ளை மேலதான் மருந்து கிடையாதே. அவளை அது என்னக்கா செய்யும்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது மருந்தைப் பற்ற வைக்கிற சூடு இல்லை, அது வேற, பிள்ளையோட தலைக்குள்ள போறது என்று என்னென்னவோ சொன்னேன். உண்மையில் தலைக்குள் போய் என்ன செய்யும் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. அவளும் அதைத்தான் கேட்டாள். "எந்த டாக்டரும் இன்னும் முடிவாச் சொல்லல" என்றேன். "பெறகென்ன?" என்றாள்.

"சரி, ராத்திரி குளிச்சுட்டு நீயே வச்சுக்க. பகல்ல பூட்டி வையி" என்றேன்.

"கம்பெனிக்குள்ள போனைக் கொண்டு போகக் கூடாது. கேட்டுலயே பிடுங்கிருவாக. கார்த்தி அப்பா ரோட்டுல இருந்து எந்நேரம் அடிப்பாருன்னு சொல்ல முடியாது. எடுக்க வீட்டுல ஒரு ஆளு வேணும்ல? பள்ளிக்கூடம் விட்டு வந்தா அம்புட்டு நேரமும் அது கையில வச்சுக்கிட்டுச் சமத்தா உக்காந்திருக்கு. தெருவுல கண்டபடி ஓடுறதில்ல, எதிர்வீட்டு மாரியம்மா மதினிக்கும் தொல்லையில்ல." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம், ஈஸ்வரி வேலைக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். தூரத்தில் கனமாக ஒரு சத்தம். ஓட்டில் இருந்து மண் உதிர்ந்தது. நானும் ஈஸ்வரியும் தெருவில் நின்றோம். தெருவே நின்றது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கோடு மாதிரிப் புகை. ஏதோ கம்பெனியில் மருந்துக் கழிவைக் கொளுத்தியபோது வெடித்ததாம், யாருக்கும் ஒன்றும் இல்லையாம் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. எல்லோரும் கலைந்தார்கள்.

நான் உள்ளே திரும்பி வந்தபோது கார்த்திகா சுவரோரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்தபடி. பெருவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் தலைமுடியில் ஓட்டு மண் விழுந்து கிடந்தது, அதைக்கூடத் தட்டிவிடவில்லை.

வெடிச்சத்தத்துக்குத் தலை தூக்காத பிள்ளையை எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஈஸ்வரியும் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, இதுக்குக் காது போச்சாக்கா? அந்தச் சூடுதானா?" என்றாள்.

மறுநாளே விருதுநகருக்குக் கூட்டிப் போய் ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். அவர் மணியடித்துப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் நின்று குசுகுசுவென்று பேசிப் பார்த்தார். பிள்ளை எல்லாவற்றுக்கும் திரும்பினாள். "ரெண்டு காதும் அருமையா இருக்கு. தைரியமாப் போங்க" என்றார். ஈஸ்வரி அழுதே விட்டாள். வழியில் சாத்தூரில் இறங்கிப் பிள்ளைக்குச் சேவு வாங்கிக் கொடுத்தாள்.

எனக்கு அந்தச் சேவு இறங்கவில்லை. காதில் கோளாறு என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன். காதில் கோளாறு என்றால் அதற்கு மருந்து இருக்கிறது.

5

இங்கே திரும்பி வந்தால், எங்கள் தெருவே கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள தேவாலயக் கோபுரத்துக்குள் ஒரு செல்போன் கம்பெனி ஆண்டெனா வைக்கப் போகிறதாம். வெளியே பார்த்தால் தெரியாதாம். ஜூலி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். நானும் அருணைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கம்பெனியில் இருந்து வந்தவர், அளவெல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று வரைபடம் காட்டினார். ஜூலி எழுந்து, "கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எங்கள் பிள்ளைகள் தலைமேல் வைக்கிறீர்களே!" என்று கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பயம் உண்மையானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

நடுவில் ஜூலி என் தோளைத் தொட்டு, ஹாலின் பின்பக்கத்தைக் காட்டினாள். பாய் விரித்து, பெரியவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கையிலும் ஒரு போன், இல்லாவிட்டால் அருணிடம் இருப்பது போல் ஒரு பெட்டி. இவ்வளவு பெரியவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம், ஒரு தலையாவது நிமிர வேண்டுமே. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. எல்லாப் பெருவிரலும் அசைந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு சமத்து பார்" என்றாள் ஜூலி பெருமையாக.

ஈஸ்வரி சொன்ன அதே வார்த்தை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று எழுந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. அதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? மறுபடி காகிதம் வாங்கி, மாட்டை வரைந்து காட்டவா? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

6

அந்த வாரத்துச் சனிக்கிழமை. எனக்கு டூட்டி இல்லை. இங்கே காலை, அங்கே மதியம் தாண்டியிருக்கும். தோசை ஊற்றிக்கொண்டே தமிழ்ச் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் அடியில் எழுத்து ஓடியது. சாத்தூர் அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து. பலர் சிக்கியிருப்பதாக அச்சம். ஊர்ப் பெயர் அச்சங்குளம்.

சீசன் சனிக்கிழமை. கண்டிப்பாக வேலை உண்டு.

போனை எடுத்து அடித்தேன். மணி போனது, கட் ஆனது. மறுபடி அடித்தேன், மறுபடி கட். லைன் கிடைக்காமல் அல்ல, அந்தப் பக்கத்தில் ஒரு விரல் சிவப்புப் பொத்தானை அமுக்குகிறது. எனக்குத் தெரியும், யாருடைய விரல் என்று. எத்தனை தடவை அடித்தேனோ! அடுப்பில் தோசை கருகி வீடு முழுக்கப் புகை. எடுத்துவிடு தாயி, எடுத்துவிடு தாயி என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எடுத்தாள். தேம்பித் தேம்பி அழுகிற சத்தம்.

"செத்துப் போச்சு பெரியம்மா... செத்துப் போச்சு..."

நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஈஸ்வரி, ஈஸ்வரி என்று கத்தியது மட்டும் ஞாபகம்.

"எம்புட்டு நீளமா வளத்தேன் தெரியுமா? நீங்க அடிச்சு அடிச்சு, செவுத்துல முட்டிப் பாம்பு செத்துப் போச்சு!"

பாம்பு!

"கார்த்தி, ஏ தாயி, அம்மா எங்க?"

"கம்பெனிக்குப் போயிருக்கு."

"வெளிய என்னத்தா சத்தம்?"

"எங்க? ஒரு சத்தமும் இல்லையே."

ஆனால் எனக்குக் கேட்டது. அவள் கையில் இருந்த அந்தச் சின்னப் போன் வழியாக, கடல் தாண்டி, லீட்ஸில் ஒரு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. தெருவில் பொம்பளைகள் ஓடுகிறார்கள். யாரோ வயிற்றில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று போகிறது, பின்னாலேயே இன்னொன்று. மாரியம்மா மதினி யார் பேரையோ சொல்லி ஓலமிடுகிறாள். இரண்டு காதும் அருமையாக இருக்கிற பிள்ளை நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லையே என்கிறது.

அப்போது இன்னொரு சத்தமும் கேட்டது. கிட்டத்தில், வாசலில், கரகரத்த குரல். "கார்த்தி... ஏ கார்த்தி..."

ஈஸ்வரி. என் தங்கை குரல். உயிரோடு.

"கார்த்தி, அம்மா வந்துட்டேன் பாருத்தா."

"செத்த இரும்மா" என்றாள் கார்த்திகா.

கொஞ்சம் பொறு என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற வார்த்தைதான். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதில் 'செத்த' மட்டும்தான் என் காதில் விழுந்தது. "ஈஸ்வரி! ஈஸ்வரி! போனை வாங்குடி!" என்று கத்தினேன். அவள் வாங்கவில்லை. மருந்துக் கையோடு அவள் போனைத் தொட மாட்டாள். லைன் கட் ஆனது. பிள்ளை புதுப் பாம்பை ஆரம்பித்திருப்பாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து திரும்பினேன். அருண் சோபாவில் இருந்தான், கூப்பிட்டால் எட்டுகிற தூரத்தில். வீடு முழுக்கத் தோசைப் புகை. அவன் அம்மா தரையில் விழுந்து, தங்கை செத்துவிட்டாள் என்று அலறியிருக்கிறாள். அவன் தலை குனிந்தே இருந்தது.

"அருண்" என்றேன்.

"ஒன் மினிட், மா."

இங்கே சாயங்காலம் ஆனதும், துக்கத்துக்குப் போயிருந்த மாரியம்மா மதினி வீட்டுப் போனில் இருந்து ஈஸ்வரி பேசினாள். குளித்துவிட்டிருந்தாளாம். வெடித்தது இவள் ரூமைத் தாண்டிய ரூமாம். காலையில் வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் போய்விட்டார்களாம், மதினியின் மகளும் அதில் ஒருத்தி. அதையெல்லாம் கல் மாதிரிச் சொன்னாள். பிறகுதான் உடைந்தாள்.

"முள்ளுக்காட்டு வழியா ஓடியே வந்தேங்கா. பிள்ளை பதறிக்கிட்டு வாசல்ல நிக்கும், தெருவுல தேடும்னுதான் ஓடி வந்தேன். உசுரோட வந்து நிக்கேன், பேரைச் சொல்லிக் கூப்பிடுதேன். அது தலையத் தூக்கலக்கா. ஏங்க்கா, என் மேலதான மருந்து இருந்துச்சு? அது மேல ஒண்ணும் இல்லையேக்கா. அதை எது பிடிச்சுச்சு?"

எந்தத் துண்டுத்தாளிலும் அதற்குப் பதில் இல்லை.

போனை வைத்துவிட்டு, பழக்கத்தில், கதவைத் திறந்து தெருவுக்கு வந்து நின்றேன். தெரு அமைதியாக இருந்தது. வீட்டுக்கு வீடு ஜன்னலுக்குப் பின்னால் நீல வெளிச்சம், அதன் முன்னால் சின்னச் சின்னத் தலைகள். நான் நாலு பக்கமும் பார்த்தேன். எந்தப் பக்கமும் புகை தெரியவில்லை.